நுரை அடங்கட்டும்

படாளம் கூட்டுரோட்டுப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பழைய டீசல் வேன் நின்றுவிட்டால், மெக்கானிக்குக்கு முன்னால் இன்னொரு பழைய வேன்காரர் கண்ணில் பட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது.

டீசல் சுத்தமாகத் தீர்ந்துபோன வண்டி என்று வையுங்கள். கேனில் வாங்கி ஊற்றியாயிற்று. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஏர் லாக்! டீசல் போகும் குழாயில் காற்று புகுந்துவிட்டது. விடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் உட்காரும். வந்தவர் டீசல் ஃபில்டர் மேலுள்ள சின்ன போல்ட்டை லேசாகத் தளர்த்துவார். கைப்பம்பை அமுக்கச் சொல்வார். முதலில் நுரையாக வரும். நுரை அடங்கி, வெறும் டீசலாக ஒழுகும்போது, அமுக்கிக்கொண்டே போல்ட்டை இறுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

புனேயில் பஜாஜ் டெம்போ தயாரித்த மட்டடார் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அந்தக் கம்பெனியே 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது, கைப்பக்குவம் மாறவில்லை.

கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது; அதற்கு ரோட்டோரத்தில் வைத்தியம் கிடையாது. வாடகை வண்டிக்கு 8 வயது தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அதில் புகையையும் பார்ப்பார்கள். அதனால் புகையைப் பற்றிய பேச்சுக்கு வேன் ஸ்டாண்டில் எப்போதும் மவுசு. சொல்லிக்கொடுக்கக் கூலி ஒரு டீதான். கொடுத்த ஸ்பேனரை மட்டும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்!