கணக்கில் ஏறாத உழைப்பு

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மை அபிவிருத்தியைப் பற்றிப் பேசும்போது விதை, உரம், தண்ணீர், கடன் ஆகியவற்றைக் கணக்கிடுகிறோம். அக்கணக்கில் ஏறாத உழைப்பு ஒன்று உண்டு. அதுவே குடியானவர் வீட்டு இல்லத்தரசியின் உழைப்பு.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையால் நடைபெறுகின்றன. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் விடியுமுன் மல்லிகை மொட்டுக் கொய்பவர்களிலும் பெண்களே மிகுதி. வயலிலிருந்து திரும்பினால் அடுப்பு, மாட்டுத் தொழுவம், குழந்தைகள், முதியோர் என்று வேலை காத்திருக்கும். மத்திய அரசு 2024ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியின்றி வீட்டு வேலை செய்வோரில் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுகின்றனர். அப்படியிருந்தும், "மனைவி என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்கிறோம்!

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய் அளிக்கும் பிரதமரின் விவசாயி உதவித் திட்டம் நிலம் எவர் பெயரில் உள்ளது என்றே பார்க்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் நில ஆவணம் வேண்டும். கணவர் காலமானாலோ, பிழைப்புத் தேடி வெளியூர் சென்றாலோ, பயிரை வளர்த்தவள் சர்க்கார் கணக்கில் விவசாயியாக இருப்பதில்லை.

சட்டம் பெண்ணின் பக்கமே நிற்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமையை நம் மாநிலம் 1989ஆம் ஆண்டிலேயே வழங்கியது. 2005ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அவ்வுரிமை வந்தது. ஆனால் சட்டத்தில் உள்ளது பட்டாவில் ஏறவேண்டுமே!

கணக்கு வழக்கு பெண்களுக்குத் தெரியாது என்பாரும் உளர். அவர்கள் மதுரையை அடுத்த புல்லுச்சேரியைச் சேர்ந்த திருமதி சின்னப்பிள்ளையை எண்ணிப் பார்க்கவேண்டும். பள்ளி சென்றறியாத அந்த விவசாயக் கூலிப் பெண்மணி, களஞ்சியம் சேமிப்புக் குழுக்களின் தலைவியாக உயர்ந்தார். 2001ஆம் ஆண்டு டில்லியில் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் பாதம் தொட்டு வணங்கினார். 2019ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். குடும்பத் தலைவர் இறந்தபின் பட்டா மாறுதல் செய்யும்போது, மகன்களின் பெயரோடு மனைவி, மகளின் பெயரையும் விடாமல் சேருங்கள். புதிதாக நிலம் வாங்கும்போது வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவு செய்வதை எண்ணிப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் முதல் உண்டு. கிராம சபையில் தாய்மார்களை வரிசைக்கு உட்காரவைத்து அனுப்பிவிடாமல், குடிநீர் பற்றியும் பாசனம் பற்றியும் அவர்களைப் பேசவிடுங்கள்.

உழைப்பவள் பெயர் ஏட்டில் ஏறும் நாளே நம் கிராமத்தின் கணக்கு நேராகும் நாள்.