நெடுந்தீவின் கற்கள்

எரிமலைத் தீவுகளின் பாறை நெருப்பிற் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளின் கல்லோ நீரிற் பிறந்தது. கடலடியிற் சின்னஞ்சிறு உயிர்கள் தம் உடலைச் சூழக் கட்டிய சுண்ணாம்புக் கூடுகளே காலப்போக்கில் இறுகி முருகைக்கல்லாயின. அக்கல்லின் சிறப்பைக் காண விரும்புவோர் ஒருநாட் பொழுதை நெடுந்தீவிற் கழித்தல் வேண்டும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடையலாம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணிற் படுவன கல்வேலிகள். குடாநாட்டின் பிற ஊர்களிற் கிடுகும் பனையோலையும் வேலியாக, இங்கே முருகைக்கல்லே வேலியாகின்றது. சாந்தும் இல்லை; சுண்ணாம்பும் இல்லை. நிலத்தைப் பண்படுத்துகையில் வெளிப்பட்ட கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர் முன்னோர். நிலமும் துப்புரவாயிற்று, காணிக்கு எல்லையும் கிடைத்தது, கால்நடையும் உட்புகாது நின்றது.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தம் நாட்டு நகர்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். அவற்றுள் டெல்ஃப்ட் என்பது மட்டுமே இன்றும் நெடுந்தீவின் மறுபெயராக நிலைத்துள்ளது. ஒல்லாந்தர் கோட்டை என வழங்கும் இடிபாடும் முருகைக்கல்லாலானதே. அதனைப் போர்த்துக்கேயர் காலத்ததெனக் கூறுவாரும் உளர். வைத்தியசாலையை அடுத்துள்ள புறாக்கூடு, அக்காலத்திற் செய்தி கொண்டு சென்ற பறவைகளின் உறைவிடமாகும்.

தீவின் மேற்குப் பகுதியிற் கற்குவியல்கள் சில உள. ஊரார் அவ்விடத்தை வெடியரசன் கோட்டை என்பர். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடி வந்த மீகாமனை வெடியரசன் எதிர்த்துப் போரிட்டான் என்பது கதை. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களிற் பாடப்பெறும் கண்ணகி வழக்குரையிலும் இக்கதை இடம்பெறுகின்றது. தொல்லியலாரோ இவற்றைப் பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் என்பர். ஆய்வு கல்லின் காலத்தையும் பயனையும் நாடுகின்றது. கதை அக்கல்லோடு வாழ்ந்த மக்களின் மனத்தைக் காட்டுகின்றது. ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை எறிந்துவிட வேண்டுவதில்லை.

பாறையிற் பதிந்த பெரும் பாதச்சுவடு ஒன்றும் இங்குண்டு. அதனைப் பேருருவங்கொண்ட ஒருவனின் அடி என்பர் மக்கள். சுண்ணாம்புப் பாறை மழைநீரிற் கரைந்து குழிவது இயல்பு என்பர் அறிவியலார். இன்னோரிடத்தில் நிமிர்ந்து நிற்கும் கல்லொன்று வளர்கின்றது எனக் கருதி மக்கள் அதனை வழிபடுகின்றனர். கல் வளருமோ என நகைப்பவர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அக்கல் ஒருகாலத்தில் மெய்யாகவே வளர்ந்தது. உயிரோடு, கடலினுள் வளர்ந்தது.

மாலைப் படகுக்காக மாவிலித்துறைக்கு மீள்வோர் அங்குள்ள நினைவுத்தூபியின் முன் சற்றே நிற்பர். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்றோருட் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவருள் இருந்தனர். வெடியரசனுக்குக் கதையே சான்று. இத்தூபிக்கோ உற்றாரை இழந்தவர்கள் இன்றும் சான்றாக உள்ளனர்.

போர்க்காலத்தில் நெடுந்தீவை விட்டுப் பெயர்ந்தோர் பலர். அவர்தம் காணிகளைச் சுற்றிய வேலிகள் சில இடங்களிற் சரிந்து கிடக்கின்றன. சாந்தின்றி அடுக்கிய வேலிக்கு ஆண்டுதோறும் ஒரு கை வேண்டும். வீழ்ந்த கல்லை எடுத்து, அது பொருந்தும் இடம் அறிந்து வைக்கும் கை வேண்டும். கதைகளின் நிலையும் அதுவே. வெளிநாடுகளில் வாழும் நெடுந்தீவார் தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் இங்கு அழைத்துவந்து, எந்த வேலி எவர் அடுக்கியது என முதியோரிடம் கேட்டறியச் செய்தல் நன்று. முதியோர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும்.