எதிர்க்கும் பயிரும் தாங்கும் பயிரும்

(மாத்தளை மாவட்டக் கமக்காரர் கூட்டத்துக்கென அமைந்த உரை)



தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் மரக்கறி செய்வோரும், நாவுல, வில்கமுவப் பகுதிகளில் நெல் விதைப்போரும் விதை வாங்கச் செல்லும்போது, விதைப் பைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காண்கின்றீர்கள். ஒன்று ‘றெசிஸ்ரன்ற்’; மற்றது ‘ரொலரன்ற்’. கடைக்காரர் இரண்டுக்கும் “நோய் வராத விதை” என்று ஒரே பொருள் சொல்லிவிடுவதும் உண்டு. அவ்வாறு நம்பி விதைத்தவர் பலர், பயிர் நோயுற்றபின் விதையை நோவர். விதையில் குறை இல்லாமலும் இருக்கலாம். சொல்லை உணர்ந்துகொண்ட முறையிலேயே குறை இருந்திருக்கலாம். ஆதலால் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை இன்று ஆராய்வோம்.

றெசிஸ்ரன்ற் என்பது எதிர்க்கும் தன்மை. பூச்சியோ நோய்க் கிருமியோ பயிரில் தங்கிப் பெருகுவதைப் பயிர் தானே தடுக்கின்றது. ரொலரன்ற் என்பது தாங்கும் தன்மை. பூச்சியும் கிருமியும் பயிரிலே தங்குகின்றன, பெருகவும் செய்கின்றன. ஆயினும் பயிர் அதனைப் பொறுத்துக்கொண்டு ஓரளவு விளைச்சலைத் தருகின்றது. கள்வன் நுழைய இயலாத வீடு ஒன்று. கள்வன் வந்து போனாலும் அடுப்பு அணையாத செல்வமுள்ள வீடு மற்றொன்று. இரண்டும் நல்ல வீடுகளே. ஆனால் இரண்டாவது வீட்டில் கள்வன் நடமாடுகின்றான் என்பதை மறத்தல் ஆகாது. அவன் அடுத்த வீட்டுக்கும் செல்வான்.

முதலில் நெல்லை எடுத்துக்கொள்வோம். கபில நிறத் தத்தியை நீங்கள் அறிவீர்கள். வடக்கு கிழக்கில் இதனை அறக்கொட்டியான் என்றும் வழங்குவர். இது நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்ச, வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் கருகி மடிகின்றது. இத்தத்தியை எதிர்க்கும் தன்மை நமது பழைய நெல்லினங்கள் சிலவற்றில் இயல்பாகவே உண்டு. இலங்கையின் ‘இரத்து ஹீனட்டி’ அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டு அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7, கேரளத்துப் பட்டாம்பியின் பி.ரி.பி. 33 ஆகியனவும் அத்தகையனவே. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பி.ரி.பி. 33 இன் எதிர்ப்புத் தன்மையைக் கலப்பின் வழியாகக் கொணர்ந்து, பி.ஜி. 379-2 என்னும் நான்கு மாத நெல்லை 1980 இல் வெளியிட்டனர்.

எதிர்க்கும் இனம் கிடைத்துவிட்டால் கவலை முற்றும் ஒழிந்ததோ எனின், இல்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973 இல் ஐ.ஆர். 26 என்னும் நெல்லை வெளியிட்டது. தத்தியை எதிர்க்கும் இனம் என்று அது பெருமளவில் பயிரிடப்பட்டது. மூன்று ஆண்டு செல்லுமுன்னரே பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அந்நெல்லை உண்டு வாழவல்ல தத்திகள் பெருகிவிட்டன. காரணம் யாதெனில், எதிர்க்கும் பயிரில் பெரும்பாலான தத்திகள் உணவின்றி மடிகின்றன. எவ்வாறோ பிழைக்கும் சிலவே வழித்தோன்றல்களை விட்டுச் செல்கின்றன. ஊரெங்கும் ஒரே நெல்லாயின், அச்சிலவற்றின் இனமே ஊரை நிரப்பும். மேலும், ஒரு நாட்டுத் தத்தியை எதிர்க்கும் நெல் வேறொரு நாட்டுத் தத்தியை எதிர்க்கும் என்பதும் இல்லை. ஐ.ஆர். 26 இல் இருந்த எதிர்ப்பு, தென்னாசியத் தத்திகளின்முன் பயன் தரவில்லை. எனவே ‘றெசிஸ்ரன்ற்’ என்ற சொல்லைக் கண்டவுடன் “எதனை எதிர்க்கும்? நமது பகுதியில் எதிர்க்குமா?” என்று வினவுதல் வேண்டும்.

எதிர்க்கும் நெல்லிலும் ஆங்காங்கே சில தத்திகளைக் காணலாம். அவற்றைக் கண்ட அன்றே பூச்சி நாசினியைத் தெளிப்பது தவறு. சிலந்தி முதலாய நன்மை செய்யும் உயிர்கள் அதனால் மடிய, எஞ்சிய தத்திகள் தடையின்றிப் பெருகும். இவ்வுண்மையை உணர்ந்தே இந்தோனேசிய அரசாங்கம் 1986 இல் ஐம்பத்தேழு வகைப் பூச்சி நாசினிகளை நெல்வயலில் இடலாகாதெனத் தடுத்தது. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவதும் தத்திக்கு விருந்து வைப்பதாகும். வாரம் ஒருமுறையேனும் வயலில் இறங்கிப் பயிரின் அடித்தண்டை விலக்கிப் பாருங்கள். இலையின் மேற்புறத்தை வரம்பில் நின்று பார்ப்பதாற் பயனில்லை.

இனித் தாங்கும் தன்மையைக் கவனிப்போம். தாங்கும் பயிரில் பூச்சி பட்டினி கிடப்பதில்லை. ஆகவே அது புதுவகைப் பூச்சியாக மாறவேண்டிய நெருக்கடியும் குறைவு. இது ஒரு நன்மை. ஆயினும் பூச்சியின் தொகை குறைவதில்லை. தக்காளியைப் பாருங்கள். இலை சுருளல் வைரசை வெண் ஈ பரப்புகின்றது. தாங்கும் இனத் தக்காளியில் அவ்வைரசு புகுந்தாலும் செடி பச்சையாகவே நிற்கும், காயும் காய்க்கும். நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் அச்செடியின் சாற்றை உண்ட வெண் ஈ, வேலிக்கு அப்பாலுள்ள அயலாரின் இளந்தக்காளிக்கு வைரசைச் சுமந்து செல்லும். அவர் நட்டது நோய்க்கு இலகுவில் ஆட்படும் இனமாயின், அவரது தோட்டம் முழுவதும் சுருண்டுபோகும். ஆகவே தாங்கும் இனத்தை நட்டவரும் நாற்றுமேடையை நுண்வலையால் மூடி வெண் ஈயைத் தடுத்தல் வேண்டும். நோய்க்குறி கண்ட செடிகளை இளமையிலேயே பிடுங்கிப் புதைத்தல் வேண்டும். அறுவடை முடிந்ததும் பழஞ்செடிகளை நிலத்தில் நிற்க விடலாகாது. இது அயலாருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. அடுத்த போகத்தில் அவரது தோட்டத்து ஈ உங்கள் தோட்டத்துக்கு வரும்.

இன்னுமொன்று. உலக விதை வணிகர்களின் சம்மேளனம் இச்சொற்களுக்கு வரையறை வகுத்துள்ளது. அதன்படி நோய், பூச்சி ஆகியவற்றுக்கு ‘றெசிஸ்ரன்ற்’ என்ற சொல்லையே ஆள்வர். வரட்சி, வெப்பம், உவர் முதலிய இடர்களைப் பொறுப்பதற்கு ‘ரொலரன்ற்’ என்பர். உவர் நிலத்துக்கென அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 நெல்லை உவர் தாங்கும் நெல் என்பது இப்பொருளிலேயே. ஆகவே பையில் ‘ரொலரன்ற்’ என்றிருந்தால், அது நோயைத் தாங்குமா, வெயிலைத் தாங்குமா என்று கேட்டறிதல் அவசியம்.

எதிர்ப்பிலும் இரு தரம் உண்டு. எச்.ஆர். என்பது உயர்ந்த எதிர்ப்பு, ஐ.ஆர். என்பது இடைத்தர எதிர்ப்பு. மரக்கறி விதைப் பையிலுள்ள இந்த ஐ.ஆர். வேறு, நெல்லின் பெயரில் வரும் ஐ.ஆர். வேறு. உயர்ந்த எதிர்ப்புள்ள செடியிலும் நோயின் வேகம் மிகுந்தால் சில குறிகள் தோன்றலாம். இடைத்தர எதிர்ப்புள்ள செடியில் அவை இன்னும் மிகுதியாகத் தோன்றும். முழுக் காப்பு என எந்த எழுத்துக்கும் பொருள் இல்லை.

தக்காளி விதைப் பைகளில் வீ, எஃப், என் என்னும் எழுத்துக்களும் காணப்படும். முதலிரண்டும் வேர்ட்டிசிலியம், பியூசேரியம் என்னும் பங்கசுகளால் வரும் வாடல் நோய்களைக் குறிக்கும். மூன்றாவது வேர்முடிச்சு வட்டப்புழுவைக் குறிக்கும். “வாடலை எதிர்க்கும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டு இவ்விதையை வாங்கி, பற்றீரியா வாடல் உள்ள நிலத்தில் நட்டால் பயன் யாது? பங்கசை எதிர்க்கும் பூட்டுக்குப் பற்றீரியா அஞ்சாது.

உங்கள் நிலத்தில் உள்ள வாடல் எதுவென்று நீங்களே சோதிக்கலாம். புதிதாக வாடிய செடியின் அடித்தண்டை நிலமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, இரண்டு மூன்று அங்குலத் துண்டொன்றைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மூழ்கும்படி அசையாது பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற நூல் இறங்கினால், அது பற்றீரியா வாடல். அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அடுத்தடுத்து நடாது, நெல் அல்லது சோளம் போன்ற பயிரை மாற்றிச் செய்தல் வேண்டும். நீர் தேங்காது வடிகால் அமைத்தலும் வேண்டும்.

ஆகவே பெருமக்களே, விதைக்குப் பணம் கொடுக்குமுன் பின்வரும் நான்கினையும் கேட்டறிக:

1. இவ்விதை எதிர்க்கும் இனமா, தாங்கும் இனமா?
2. எந்த நோயை, எந்தப் பூச்சியை, அல்லது எந்த இடரை?
3. எதிர்ப்பு உயர்ந்ததா, இடைத்தரமானதா?
4. நமது பகுதியில் இவ்வினம் பயிரிடப்பட்டு நற்பயன் தந்துள்ளதா?

கடையில் விடை கிடையாவிடின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விதைப் பையைக் கொண்டு சென்று கேளுங்கள். வெறும் பையையும் பற்றுச்சீட்டையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பயிருக்கு ஊறு நேரின், விதையின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் அவையே காட்டும்.

எதிர்க்கும் பயிருக்கும் காவல் வேண்டும். தாங்கும் பயிருக்கு அதனினும் மிக்க காவல் வேண்டும். எவ்விதையை விதைப்பினும், வயலை நாடோறும் சென்று பார்க்கும் கமக்காரரின் கண்ணுக்கு ஈடான காப்பு வேறில்லை.