சீனாய் அடிவாரத்தில் நின்றவர்கள்



நினைவுச் சொற்பொழிவுக்கு இந்தத் தலைப்பைச் சொன்னபோது அமைப்பில் சிலர் சிரித்தார்கள். மருதமலையும் வெள்ளியங்கிரியும் கண்ணெதிரே இருக்க, எங்கோ பாலைவனத்து மலை நமக்கு எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வளவுகளில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன. சீனாய் மலையில் கடவுள் பேசினார், மோசே கற்பலகைகளோடு இறங்கி வந்தார் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் அம்பேத்கரைப் பேசப் போகிற நாம், அந்த மலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போகிறோம். இது நமக்குத்தான் நட்டம்.

கடவுள் பேசினாரா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. நான் சமூகவியல் படித்தவள். என் கேள்வி வேறு. பேசியதாகச் சொல்லப்படும்போது அதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது?

இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. வேதத்துக்குச் சுருதி என்று பெயர். கேட்கப்பட்டது என்று பொருள். கேட்கப்பட்டதையே கேட்கக் கூடாது என்று ஒரு கூட்டத்தை விலக்கினார்கள். வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தை உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். பிரம்மசூத்திர உரையில் சங்கரரும் அதை எடுத்துக்காட்டுகிறார். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது, சட்டம் சொல்லவும் கேட்கவும் யாருக்கு உரிமை என்ற இந்த ஏற்பாடும் சேர்ந்துதான் எரிந்தது.

இப்போது சீனாய்க்கு வருவோம். யாத்திராகமம் என்று பழைய மொழிபெயர்ப்பும், விடுதலைப் பயணம் என்று பொது மொழிபெயர்ப்பும் அழைக்கும் நூலின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (இரண்டாவது பெயர்தான் எனக்குப் பிடிக்கும். வெறும் யாத்திரை போனவர்கள் இல்லை அவர்கள்.) எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் வந்து மலையடிவாரத்தில் நிற்கிறார்கள். கலப்பின மக்களும் அவர்களோடு புறப்பட்டு வந்தார்கள் என்று முன்பே 12-ஆம் அதிகாரம் சொல்லிவிட்டது. இடி, மின்னல், புகை, எக்காள முழக்கம். அரசனுக்கோ ஒரு முனிவருக்கோ தனியாகக் கிடைத்த காட்சியாக இல்லாமல், ஒரு மக்கள் திரளே கேட்டதாகச் சொல்லப்படும் பேச்சு இது. பயந்துபோன மக்கள், இனி நீரே கேட்டு எங்களுக்குச் சொல்லும் என்று மோசேயிடம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யூத ரபிகள் இதை இன்னும் விரித்தார்கள். வனாந்தரம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அதனால்தான் தோரா அங்கே கொடுக்கப்பட்டது, வேண்டுபவர் எவரும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். குரல் எழுபது மொழிகளாகப் பிரிந்தது என்கிறது தால்முத். இனிப் பிறக்கப்போகிறவர்களின் ஆன்மாக்களும் அங்கே நின்றன என்று ஒரு மரபு. வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நம் அருந்ததியர் குடும்பங்களை நினைத்துக்கொண்டு அந்த எழுபது மொழிகளைப் படித்துப் பாருங்கள்.

ஆனால் அதே அதிகாரத்தில் ஒரு முள் இருக்கிறது. மலையைச் சுற்றி எல்லை போடு, தொடுகிறவன் சாவான் என்கிறது 12-ஆம் வசனம். தொடாதே என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரப்பட்டு நூலை மூடிவிடாமல் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். அந்த எல்லை எல்லோருக்கும் பொது. குருக்களும் அதைத் தாண்டக் கூடாது. எக்காளம் நீளமாக ஒலித்ததும் மக்கள் மலைக்கு ஏறி வரலாம். அதாவது அந்த எல்லைக்குக் காலவரையறை உண்டு. பிறப்பைப் பார்த்துப் போட்டதும் அல்ல. இடம் மனிதனைப் பெருமைப்படுத்துவதில்லை என்று தால்முத் ரபிகள் இதை வைத்தே வாதிட்டார்கள். அந்த மலை எது என்பதில்கூட யூத மரபு பெரிய அக்கறை காட்டவில்லை. ஆறாம் நூற்றாண்டில் அதன் அடிவாரம் என்று நம்பி மடம் கட்டியது பைசாந்தியக் கிறித்தவப் பேரரசு.

நம் ஊர் எல்லையைப் பாருங்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் சரிந்து, அதை ஒட்டியிருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 அருந்ததியர்கள் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம், வெறும் விபத்து என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதை அவர்கள் தொடவில்லை. அதுதான் அவர்கள் மேல் விழுந்தது.

சீனாயைக் குறையில்லாத மலையாக்கவும் நான் தயாரில்லை. பெண்ணோடு சேராதீர்கள் என்று 15-ஆம் வசனத்தில் மோசே மக்களிடம் சொல்கிறார். அப்படியானால் மக்கள் என்றால் ஆண்கள் மட்டும்தானா? ஜூடித் பிளாஸ்கோ என்ற யூதப் பெண்ணியச் சிந்தனையாளர் 1990-இல் ஒரு முழு நூலையே இந்தக் கேள்வியிலிருந்து எழுப்பினார். பத்துக் கட்டளை முடிந்த அடுத்த அதிகாரமே அடிமைகளை எப்படி நடத்துவது என்றுதான் தொடங்குகிறது. அடிமைத்தனத்திலிருந்து நேற்று வந்தவர்களுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. இணைச் சட்டம் 29-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கை புதுப்பிக்கப்படும்போது யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. தலைவர்கள், பெண்கள், குழந்தைகள், அந்நியர்கள், கடைசியில் விறகு வெட்டுபவரும் தண்ணீர் இறைப்பவரும். கவலை இறைக்கத் தோல்சால் தைத்துக் கொடுத்தே கொங்கு நாட்டுத் தோட்டங்களை நனைத்தவர்களின் பேத்திகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தொழில் அந்த உடன்படிக்கையில் பெயரோடு வருகிறது. ஆனால் யோசுவா 9-ஆம் அதிகாரத்துக்குப் போனால், கிபியோன் மக்கள் அதே விறகு வெட்டவும் தண்ணீர் இறைக்கவும் நிரந்தரமாக விதிக்கப்படுகிறார்கள். ஒரு தொழில் எப்படி ஒரு குலத்தின் தலையில் கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. சபைகளில் முதல் பகுதியை மட்டும் படிக்கிறார்கள்.

ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல ஓய்வெடுக்க வேண்டும், நீயும் அடிமையாய் இருந்தாய் என்கிறது இணைச் சட்டம். அது ஒரு தொழிலாளர் சட்டம். மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டத்தில் நம் பெண்பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளில் வைத்திருந்த காலத்தில், இந்தக் கட்டளையை முன்வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டீர்கள்?

தலித் இறையியல் இதையெல்லாம் கண்டுகொண்டது. அரவிந்த் நிர்மல், இணைச் சட்டம் 26-இல் உள்ள அடிமைகளின் அறிக்கையிலிருந்தே தன் இறையியலைத் தொடங்கினார். சத்தியநாதன் கிளார்க் 1998-இல் வந்த நூலில், எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வேதமாகப் பறையைப் பார்த்தார். சீனாயிலும் சொல்லுக்கு முன்னால் வந்தது முழக்கம்தானே. மத்தேயுவில் இயேசு மலை மேல் ஏறிப் போதிக்கிறார். லூக்காவிலோ இறங்கி வந்து சமவெளியில் நிற்கிறார், பணக்காரர்களைச் சபிப்பதும் அங்கேதான். வளவுகளுக்கு லூக்காவைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து எழுப்பிய சுவரை நீங்கள் அறிவீர்கள். சபைக்குள் இப்படி என்றால் அரசிடம் வேறு மாதிரி. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, கிறித்தவர் என்பதால் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 1985-இல் வழக்கு தள்ளுபடியானது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2009-இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் சபைக்குப் போன அருந்ததியருக்கு இல்லை.

சான்று இல்லை என்றார்கள் அல்லவா, அதைத் திரட்டுவது உங்களைப் போன்ற மாணவர்களின் வேலை. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பங்குகளிலும் சேகரங்களிலும் கல்லறைக்குள் தடுப்பு இருக்கிறதா, பங்குப் பேரவையில் வளவிலிருந்து யார் இருக்கிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கலப்பு மணத்துக்கு ஓலை வாசிக்கும்போது என்ன நடக்கிறது. முப்பது கேள்விகள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.