மாத்தளையும் கொழுக்கிப்புழுவும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறையில் இருக்கும் பழைய மாணவியர் சார்பில் ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டார்கள். நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது குடற்புழு. மதியச் சாப்பாட்டுக்கு முன் இதைப் பேசுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் மாத்தளைக்காரர் பேசாமல் இதை வேறு யார் பேசுவது? இலங்கையில் கொழுக்கிப்புழுவுக்கு எதிரான இயக்கம் முதலில் இறங்கியது மாத்தளைத் தோட்டங்களில்தான். அது 1916ஆம் ஆண்டு. நமது சங்கம் அப்போது பிறந்திருக்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருவாள். இரண்டாம் பாடம் முடிவதற்குள் தூங்கிவிடுவாள். சோக்கட்டியைக் கொறிப்பாள், பையில் பச்சையரிசி வைத்திருப்பாள். நாங்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவள் வராமல் நின்றுவிட்டாள். பல வருடங்களின் பின் மருத்துவ பீடத்தில் குருதிச்சோகை பற்றிய விரிவுரை நடந்தது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு மண், சோக்கு, பச்சையரிசி இவற்றைத் தின்னும் ஆசை வரும் என்று விரிவுரையாளர் சொன்னார். மாத்தளையிலிருந்து போயிருந்த நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு என்ன நோய் இருந்தது, நோய்தான் இருந்ததா என்பதை அன்று யாரும் சோதிக்கவில்லை. இப்போது சொல்லவும் முடியாது.

நாங்கள் அவளைச் சோம்பேறி என்றோம். தோட்டங்களில் அது பழைய சொல். மன்னார்ப் பக்கம் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த நம் பாட்டன் பூட்டிமாரைத் துரைமார் அந்தச் சொல்லால்தான் எழுதிவைத்தார்கள். வெளுத்துப்போன, மூச்சு வாங்கும், பெரட்டுக்கு எழும்ப முடியாத ஆட்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதைதான். அங்கே இந்தப் புழுவுக்குப் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

புழு ஒரு சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். சிறுகுடல் சுவரைக் கௌவிக்கொண்டு குருதி குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளி அளவுதான். நூற்றுக்கணக்கில் இருந்தால், மாதக்கணக்கில் குடித்தால், அதுவும் மாதவிடாயும் பிள்ளைப்பேறும் உள்ள உடம்பில் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். அவை மலத்துடன் வெளியே வந்து ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். கொக்கோவும் றப்பரும் நின்ற மாத்தளைத் தோட்டங்களில் இரண்டுக்கும் குறைவில்லை. குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதைக் கண்டுபிடித்தவர் எகிப்தில் வேலை செய்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 1898இல் குடம்பிகள் இருந்த நீர் தற்செயலாக அவருடைய கையில் சிந்தியது. கை அரித்தது. சில வாரங்கள் கழித்துத் தன்னுடைய மலத்திலேயே முட்டைகளைப் பார்த்தார்! அதே லூஸ்தான் 1911இல் நமது நாட்டுப் புனுகுப்பூனையிலிருந்து எடுத்த ஒரு புழுவுக்கு இலங்கையின் பெயரை வைத்து 'அங்கைலோஸ்டோமா செலானிகம்' என்று பெயரிட்டார். நாய்க்கும் பூனைக்கும் மனிதருக்கும் தொற்றக்கூடிய புழு அது. இந்தப் பெருமையை எந்தப் பொது அறிவுப் போட்டியிலும் கேட்பதில்லை.

றொக்பெல்லர் நிறுவனத்தின் விக்டர் ஹைசர் 1915இல் இங்கே வந்து அரசாங்கத்துடனும் தோட்டக்காரருடனும் பேசினார். அடுத்த வருடம் டொக்டர் ஸ்னோட்கிராஸ் தலைமையில் வேலை தொடங்கியது. முறை எளிமையானது. லயம் லயமாகப் பேர் பதிவது, மலம் சேகரிப்பது, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, மருந்து கொடுப்பது, திரும்பவும் சோதிப்பது. சோதித்த தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேர் அளவில் புழு இருந்தது. மருந்து சீனோபோடியம் எண்ணெய், கூடவே பேதி மருந்து. குடித்தவர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கவே வயிறு கலங்குகிறது. ஆனாலும் சோம்பேறி என்று அழைக்கப்பட்டவர் நோயாளி என்று ஏட்டில் ஏறியது அப்போதுதான். அதற்கு மேல் இயக்கம் அதிகம் சாதிக்கவில்லை. மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்டக்காரர் பலர் பின்னின்றார்கள். மருந்து குடித்தவர் மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலுடன் நடந்தார், புழு திரும்பி வந்தது.

இனி எங்கள் சொந்தக் கதை ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாங்கள் நால்வர் ஒரு தோட்டத்தில் பரிசோதனை செய்யப் போனோம். பெரட்டுக்களத்தில் நின்று சிறு பாத்திரங்களைக் கொடுத்தபோது பெண்கள் சிரித்தார்கள். ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல டொக்டரம்மா. எங்க போயி எடுக்கிறது?" என்று கேட்டார். அவருடைய லயத்தில் ஏழு குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம், அதற்கும் கதவு இல்லை. எங்கள் வினாக்கொத்தில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

மறுநாள் காலை பாத்திரங்கள் திரும்பி வந்தன. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இன்னும் இரண்டு டிவிசன் போனோம், மதியம் துரை பங்களாவில் தேநீர் குடித்தோம், மாலையில்தான் ஆய்வுகூடம் சேர்ந்தோம். இரவு வில்லைகளைத் தயாரித்துவிட்டு, களைத்துப்போய், காலையில் பார்க்கலாம் என்று படுத்தோம். காலையில் கொழுக்கிப்புழு முட்டை ஒன்றுகூட இல்லை. மகிழ்ச்சியுடன் அறிக்கை எழுதத் தொடங்கியபோது மூத்த ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர் வந்து, "எத்தனை மணிக்குப் பூசினீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டவுடன் எங்கள் தாளை எடுத்து மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

விஷயம் இதுதான். நாங்கள் செய்தது கட்டோ–கட்ஸ் முறை. ஜப்பானியரான கட்டோ 1954இல் தொடங்கியதை, பிரேசில் நாட்டவரான கட்ஸ் 1972இல் திருத்தி அமைத்தார். துளையுள்ள தகடொன்றால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து கண்ணாடி வில்லையில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி அழுத்துவோம். முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்று வரும். மலிவானது, எங்கும் செய்யலாம். ஆனால் கிளிசரின் மலத்தைத் தெளிவாக்கும்போது கொழுக்கிப்புழுவின் மெல்லிய முட்டையையும் சேர்த்துத் தெளிவாக்கிவிடும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வட்டப்புழு முட்டை தடித்தது, காத்திருக்கும். இது காத்திராது. புழுக்கள் குறைவாக உள்ளவரில் முட்டையும் குறைவு, நாளுக்கு நாள் மாறவும் செய்யும். ஒரே வில்லை பார்த்தால் தப்பிவிடும். இப்போது மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறை அவற்றையும் பிடிக்கிறது. நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோல் தெரியும் முட்டைகள் மனிதப் புழுவுடையவையா, லூஸ் பெயர் வைத்த நாய்ப் புழுவுடையவையா என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆனால் அதற்குச் செலவு அதிகம்.

ஆகவே 'இல்லை' என்று ஓர் அறிக்கை வந்தால், யாரைப் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், எதைக் கொண்டு பார்த்தார்கள் என்று கேட்கப் பழகிக்கொண்டோம். இந்தப் பாடத்தை நமது நாடு மலேரியாவில் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.ரி. வந்தது, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே. போய்விட்டது என்று கை தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் முறை அந்தத் தவறு நடக்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இன்றும் வெளிநாடு போய்வந்தவரின் காய்ச்சலுக்குக் குருதி சோதிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் இதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடற்புழுவில் நிலைமை வேறு. களனி, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளரும் சேர்ந்து 2017இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் நாடளாவிய ஆய்வொன்று செய்தார்கள். தேசிய அளவில் குடற்புழுத் தொற்று 1 சதவீதத்துக்கும் குறைவு. உண்மையிலேயே பெரிய வெற்றி. ஆனால் தோட்டப் பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 9 சதவீதம். அவர்கள் தனியாகப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. நமது மாவட்டத்தில் நகரம், கிராமம், தோட்டம் மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் லயம் மறைந்துபோகும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குப் பூச்சி மருந்து கொடுப்பதற்குப் பயம் இருந்தது. பேராசிரியர் நிலந்தி டி சில்வாவும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மெபெண்டசோல் எடுத்த 5,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பார்த்தார்கள். பிறவிக் குறைபாடுகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, மிகக் குறைந்த நிறையுடன் பிறந்த குழந்தைகள் குறைந்திருந்தன. முதல் மூன்று மாதத்தில் மட்டும் தவிர்க்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் குளிசையை நீட்டும்போது அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைக்கும் உறவுகள் உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

குப்பைக் கூடைக்குப் போன அறிக்கையின் பின் நாங்கள் அதே தோட்டத்துக்குத் திரும்பவும் போனோம். இம்முறை நுணுக்குக்காட்டியையே தூக்கிக்கொண்டு போய், பிள்ளைக் காம்பராவின் மேசையில் வைத்துப் பார்த்தோம். கேள்வி கேட்ட அந்த அம்மாவின் வில்லையில் முட்டைகள் இருந்தன. எண்ணிவிட்டு, அவரையும் அழைத்துக் காட்டினோம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருசமா ஒடம்பு அசதின்னு சொன்னா யாரும் நம்பல" என்றார். பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் கொடுத்தோம். மலசலகூடம் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் கடிதம் எழுதினோம். நான்கு மாதம் கழித்துப் போனபோது ஆள் தேறியிருந்தார். மலசலகூடத்துக்கு இடம் அளந்து கயிறு கட்டியிருந்தார்கள். அடுத்த முறை போனபோதும் கயிறுதான் இருந்தது.