பேருந்துப் பலகையில் எழுத்துப் பயிற்சி

தமிழை ஒலிப்பதுபோலவே எழுதிவிடலாம் என்னும் கருத்து பெரும்பாலும் உண்மையே ஆயினும், பிள்ளைகளின் பிழைகள் மிகுவது மயங்கொலிகளில், அதாவது ஒலியால் நெருங்கி ஒன்றுபோல் கேட்கும் ண-ந-ன, ல-ள-ழ, ர-ற ஆகிய எழுத்துகளில்தான். திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், சிறுமலை வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என நாள்தோறும் கேட்கும் குழந்தை அவ்வாறே எழுதுவது கவனக்குறைவு அன்று. ஆகவே அதட்டல் அங்கே பயன் தராது.

னகர வகையில் இலக்கணமே கைகொடுக்கிறது. நெடுங்கணக்கில், அதாவது எழுத்துகளின் மரபு வரிசையில், டகரத்தை அடுத்து ணகரமும், தகரத்தை அடுத்து நகரமும், றகரத்தை அடுத்து னகரமும் நிற்கின்றன. பிரிக்க இயலாத ஒரு சொல்லுக்குள் அந்த வல்லின எழுத்துகளுக்கு முன் வரும் மூக்கொலியும் பொதுவாக அந்தந்த இணையே. திண்டுக்கல், வத்தலக்குண்டு, வேடசந்தூர் என்னும் பேருந்துப் பலகைகளைப் படிக்கும் குழந்தை, 'ண்டு', 'ந்தூ' என்னும் இணைகளைத் தானே கண்டறிந்துவிடும். 'கன்று' என்பதை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

ழகர ளகரங்களுக்கு இத்தகைய எளிய விதி இல்லை. ளகரத்தில் நாநுனி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்தில் வளைந்து நெருங்குமே தவிர அழுந்தித் தொடாது. பழனி, சின்னாளப்பட்டி என்னும் பெயர்களை இவ்வேறுபாடு தெரிய ஒலித்துக் காட்டியபின் எழுதச் செய்வதே வழி.

2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவின் அடிப்படையை வளர்க்க முயல்கிறது. பெற்றோரும் நாள்தோறும் சில சொற்களையேனும் தெளிவாக ஒலித்து, பிள்ளைகளை எழுதச் செய்ய வேண்டும்.