பத்தாவிலிருந்து பனிமலைக்கு

இந்த வாரம் பனிச்சறுக்குப் பழகப் போகிறோம். புறப்படும் இடம், சவூதித் தலைநகர் ரியாத்தின் பத்தா.

பத்தாவை அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் வறண்ட ஓடை ஒன்று பழைய ரியாத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. நகரம் வளர்ந்தபோது ஓடையை மூடி மேலே சாலை போட்டார்கள். அந்தச் சாலையும் அதன் இருபுறத்துச் சந்துகளும்தான் பத்தா. 1902-ல், பின்னாளில் சவூதி மன்னரான அப்துல் அஸீஸ் பிடித்த மஸ்மக் மண்கோட்டை இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தாவுக்கு வரும் கூட்டம் கோட்டை பார்க்க வருவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப, கார்கோவில் பெட்டி போட, போனுக்கு டிஸ்ப்ளே மாற்ற, ஒரு சுலைமானி டீ வாங்கிக்கொண்டு ஊர்க்காரரோடு நின்று பேச வருகிறது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு அந்த நடைபாதையில் நடந்தால் தமிழ், மலையாளம், வங்காளம், உருது, தகலோக் எல்லாம் தோளில் இடிக்கும். முன்பெல்லாம் வெள்ளை நிறக் கோஸ்டர் வண்டிகள் "பத்தா, பத்தா" என்று கூவி ஆள் ஏற்றும். இப்போது 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் நீலத் தடம் பத்தாவிலேயே நிற்கிறது. 4 ரியால் டிக்கெட். சொகுசுதான், கூவல்தான் இல்லை.

ஜனவரி மாதத்தில் இங்கே நடைபாதையில் ஜாக்கெட்டுகளைக் குவித்துப் போட்டு விற்பார்கள். ரியாத் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில், பாலைவனத்தின் நடுவில் இருக்கும் ஊர். குளிர்கால இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம். பத்தாக்காரருக்குக் குளிர் புதிதில்லை. பனிதான் புதிது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தக் கூட்டத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஏ.சி. வேலைக்காரர்கள் நிறையக் கிடைப்பார்கள். கம்ப்ரசர் மாற்றுகிறவர், டக்ட் போடுகிறவர், கேஸ் அடிக்கிறவர், ஏதோ ஒரு மாலின் சில்லர் பிளான்ட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர். வளைகுடாவில் பாதி வருடத்துக்குக் குளிர் என்றாலே இவர்கள் கைவேலைதான். அதனால், துபாயில் பனிமலை பார்க்கக் கிளம்பியபோது துணைக்கு ஒரு மலையேற்றக்காரரைத் தேடாமல், பத்தாவில் அறிமுகமான கடையநல்லூர் ஏ.சி. மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். "பனியப் பாக்கணும்னா அந்த பிளான்ட்டயும் பாக்கணும்லா?" என்றார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று தோன்றியது.

ரியாத்திலேயே பனி கிடையாதா என்று கேட்பீர்கள். ரப்வா பகுதியின் அல் உதைம் மாலில் 2016-ல் ஸ்னோ சிட்டி என்ற பனிப் பூங்கா வந்தது. பிள்ளைகளோடு பனியைத் தொட்டுப் பார்க்க அது போதும். சவூதியில் இயற்கையான பனியும் உண்டு. வடமேற்கே தபூக் பக்கம் ஜபல் அல் லவ்ஸ் மலையில் சில குளிர்காலங்களில் வெள்ளை படியும், ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதே மலைப்பகுதியில்தான் ட்ரோஜெனா என்ற பனிச்சறுக்கு நகரத்தைக் கட்டப்போவதாக அறிவித்தார்கள். 2029-ன் ஆசியக் குளிர்கால விளையாட்டுகளை அங்கே நடத்துவது என்று 2022 அக்டோபரில் முடிவும் ஆகியிருந்தது. கட்டுமானம் அறிவிப்பின் வேகத்தில் நகரவில்லை. ஆக, காலில் பலகை கட்டி முறையாகப் பழக வேண்டுமென்றால் பத்தாக்காரருக்குப் பக்கத்து வாசல் துபாய்தான்.

பஸ்ஸில் போனால் சுமார் 1000 கிலோமீட்டர். ஹரத் தாண்டியபின் இருபுறமும் மணல், மணல், அப்புறம் மணல். சவூதி எல்லைச் சாவடி வருகிறது. அதன் பெயரும் பத்தாதான்! ரியாத் பத்தாவில் ஏறியவர் எல்லைப் பத்தாவில் கண் விழித்து, வண்டி நகரவே இல்லையோ என்று திகைக்கலாம். அந்தப் பக்கம் அமீரகத்தின் குவைஃபாத். இக்காமா என்ற சவூதி வதிவிட அனுமதி வைத்திருப்பவர்கள் இரண்டு காகிதங்களை முன்னமே முடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று சவூதியின் எக்ஸிட் ரீ-என்ட்ரி, இரண்டு மாதத்துக்கு 200 ரியால். மற்றொன்று அமீரகத்தின் இ-விசா. எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விமானம் என்றால் இரண்டு மணி நேரம்தான்.

துபாய் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில், மால் ஆஃப் தி எமிரேட்ஸ் நிலையத்தில் இறங்கி உள்ளே நடந்தால், கடைகளுக்கு நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மலை. 2005-ல் திறந்த ஸ்கீ துபாய். 22,500 சதுர மீட்டர் பரப்பு, 85 மீட்டர் உயரம், ஐந்து சறுக்குத் தடங்கள், நீளமானது 400 மீட்டர். உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்கு ஓரிரண்டு டிகிரி கீழே. வெளியே ஆகஸ்ட் மாதம் 45 டிகிரி அடிக்கும்போதும் அதே கணக்குதான். அண்ணன் பனியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். "எத்தன டன்னு லோடு இருக்கும்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் சொன்ன டன், ஏ.சி.க்காரர்கள் குளிரூட்டும் திறனை அளக்கும் டன்.

பனி எப்படி வருகிறது என்பதை அவர் எனக்கு விளக்கினார், அங்கிருந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம். ராத்திரி வாடிக்கையாளர் போனபிறகு உள் வெப்பநிலையை இன்னும் சில டிகிரி இறக்குகிறார்கள். உறையும் நிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்த தண்ணீரை, அழுத்தக் காற்றோடு சேர்த்து, கூரையிலுள்ள துப்பாக்கிகள் பொடித்துளியாகப் பீய்ச்சுகின்றன. துளி தரையைத் தொடுமுன் உறைந்துவிடுகிறது. தரைக்கு அடியிலும் குழாய் போட்டு, உறையாத கிளைக்கால் கரைசலை ஓடவிட்டு, அடிப்பனி இளகாமல் பிடித்து வைக்கிறார்கள். உள்ளே சுமார் 6,000 டன் பனி எப்போதும் கிடக்கிறது. "நம்ம ஃப்ரீசர் ரூம்தான், கதவு மட்டும் பெருசு" என்று முடித்தார் அண்ணன். இதைக் கேட்டு அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் பனியே ஏறக்குறைய முழுக்க இயந்திரத்தில் செய்ததுதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். குழுப் பாடமும் உண்டு, தனிப்பாடமும் உண்டு. தனிப்பாடத்துக்கு விலை கூடுதல். ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவா என்று மனம் அடித்துக்கொள்ளும். என் கருத்து, முதல் தடவை போகும் பெரியவர்கள் தனிப்பாடமே எடுக்கலாம். குழுவில் எட்டுப் பேர் இருந்தால், ஒருவர் சறுக்கும்போது ஏழு பேர் குளிரில் நிற்க வேண்டும். தனிப்பாடத்தில் அந்த மணி நேரம் முழுக்க உங்கள் காலுக்குத்தான். நாற்பது தாண்டியபின் சின்னப் பிள்ளைகள் முன்னால் விழுவதில் இருக்கும் கூச்சமும் மிச்சம்.

முதலில் கவுன்டரில் உயரம், எடை, ஷூ அளவு, வயது எல்லாம் கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், பெண்களுக்கு மட்டுமாக இதைச் சொல்லவில்லை. பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். குறைத்துச் சொன்னால் கழலக் கூடாத நேரத்தில் கழன்றுவிடும், கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் அதற்கு விலை கொடுக்கும்.

பூட்ஸ் என்று கொடுப்பது கடினமான பிளாஸ்டிக். கணுக்கால் அசையவே விடாது. அதைப் போட்டுக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால் பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர் வழி தவறி மாலுக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும். உள்ளே ஒரே ஒரு ஜோடி காலுறை, அதுவும் சுருக்கமில்லாமல். பத்தாவில் வாங்கிய இரண்டு மூன்று உறைகளை மாட்டிக்கொண்டு போனால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் விறைக்கும்.

எங்களுக்கு வாய்த்த பயிற்றுநர் இளம்பெண். கையில் ஊன்றுகோல் தரவில்லை. தொடக்கக்காரருக்குக் கோல் இருந்தால் அதிலேயே தொங்கப் பார்ப்பார்களாம். ஒரே ஒரு பலகையை மாட்டச் சொன்னார். முன்பாதத்தை வைத்து, குதிகாலை அழுத்தினால் 'க்ளிக்'. மற்றக் காலால் உந்தி உந்தி சமதரையில் சுற்ற வேண்டும். பிறகு கால் மாற்றி. பிறகு இரண்டு பலகையோடும் சரிவுக்குக் குறுக்கே நின்று, பக்கவாட்டில் படிப்படியாக ஏற வேண்டும். இதற்கே வேர்த்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே வேர்ப்பது ஒரு புது அனுபவம்.

அடுத்து நிற்கும் பாடம். சறுக்குவதற்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை, சரிவே இழுத்துக்கொண்டு போய்விடும். நிற்கத்தான் பழக வேண்டும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரித்து, குதிகால்களை வெளியே தள்ளினால் உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும், வேகம் அடங்கும். பிள்ளைகளுக்கு இதைப் 'பிட்சா' என்று சொல்லித் தருகிறார்கள். பலகைகள் இணையாக இருந்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்'. சறுக்கு மைதானம் முழுக்க "பிட்சா, பிட்சா!" என்ற அலறல் கேட்கும், யாருக்கோ பசி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த முறையை ஒழுங்குபடுத்தி, எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக்கி, மாணவர்களைத் திறமைக்கேற்ற வகுப்புகளாகப் பிரித்துக் கற்பித்தவர் ஆஸ்திரியாவின் ஹான்னஸ் ஷ்னைடர். ஆல்ப்ஸ் மலையின் சாங்க்ட் அன்டன் கிராமத்தில் 1907-ல் ஹோட்டல் விருந்தினர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கியவர். அவர் வகுத்த வரிசையின் முதல் படியைத்தான் பாலைவனத்தில் பத்தாக்காரர் ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் அண்ணனுக்கு முன்னால், தான் பின்னோக்கிச் சறுக்கியபடியே இறங்கினார். கைகள் இரண்டும் இவருக்கு நேரே நீட்டியபடி. தனிப்பாடத்துக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. இவர் குனிந்து காலைப் பார்க்கும்போதெல்லாம் "என்னைப் பார்" என்பார். பார்வை போன பக்கம் உடல் போகும், கீழே பார்த்தால் கீழேதான் போவோம். பயம் வந்தால் மனிதர் பின்னால் சாய்வார், இயல்பு அது. பனியில் அது தலைகீழ். பின்னால் சாய்ந்தால் பலகை முன்னால் பறந்துவிடும். முழங்காலை மடக்கி, பூட்ஸின் நாக்கில் முன்கால் அழுந்த, பள்ளத்தை நோக்கியே சாய வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்து மல்லுக்கட்டாமல், பக்கவாட்டில் இடுப்பை வைத்து உட்கார்ந்துவிட வேண்டும். அண்ணன் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்து, எழும்போது தரையைத் தட்டிப் பார்த்தார். "நல்லா ஒறஞ்சிருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

சரிவின் அடியிலிருந்து மேலே கொண்டுபோக, நகரும் ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது. அசையாமல் நின்றால் ஏற்றிவிடும். அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகியபின் திரும்பும் பாடம். வலப்பக்கம் போக இடக்காலை அழுத்த வேண்டும், இடப்பக்கம் போக வலக்காலை. கேட்கும்போது குழப்பும், செய்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். திரும்பவும் நிற்கவும் தெரிந்தால்தான் நாற்காலி லிஃப்டில் ஏறிப் பெரிய சரிவுக்குப் போக விடுவார்கள். எங்கள் நேரம் அந்த வாசலோடு முடிந்தது. மேலே கறுப்புத் தடம் என்று சொல்லும் செங்குத்துச் சரிவில் சிறுவர்கள் சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாலைவனத்துப் பிள்ளை ஒலிம்பிக் போக முடியுமா? போயிருக்கிறார். பெய்ஜிங்கில் 2022 பிப்ரவரி 13 அன்று நடந்த ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் சவூதியின் ஃபாயிக் அப்தி 44-ஆவது இடம். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் சவூதி வீரர், சிறுவயதில் லெபனான் மலையில் பழகியவர். அதே போட்டியில் 45-ஆவதாக வந்தவர் இந்தியாவின் ஆரிஃப் கான், காஷ்மீரின் குல்மார்க் பக்கத்துக்காரர். அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய ஒரே ஆள் அவர்தான். இதை அண்ணனிடம் சொன்னதும், அடுத்த லீவில் குல்மார்க் போனால் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சவூதியில் விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள் வேலை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை உங்களுக்கு லீவு, துபாயில் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. சரிவில் நெரிசல் குறைவாக இருக்கும் வேளை அது. வியாழன் இரவு விமானம் ஏறிவிடுங்கள், காலை முதல் வகுப்பையே பதிவு செய்யுங்கள், ஜும்ஆ தொழுகைக்கு நேரத்தோடு பூட்ஸைக் கழற்றிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பசி கொல்லும்.